தண்டவாளம் நேராகத்தான் இருந்தது

ரூட்டர் என்றதும் வீட்டு மூலையில் பச்சை விளக்கு மினுக்கும் வைஃபை பெட்டி ஞாபகம் வந்தால் அது உங்கள் தப்பில்லை. நான் சொல்வது தச்சுப்பட்டறை ரூட்டர். நடுவில் ஒரு மோட்டார், இரண்டு பக்கமும் கைப்பிடி, அடியில் வெட்டுவதற்கு ஒரு பிட். மாடலைப் பொறுத்து நிமிடத்துக்கு ஏறக்குறைய 10,000 முதல் 30,000 சுற்று வரை சுழலும். பலகையில் காடி எடுப்பது, ஓரத்தை மழுக்குவது, எழுத்து செதுக்குவது எல்லாம் இதன் வேலை. ரம்பத்துக்கு முன்னால், பின்னால் என்று ஒரு திசை உண்டு. ரூட்டருக்கு அது கிடையாது. எந்தப் பக்கம் தள்ளினாலும் அந்தப் பக்கம் மரத்தைத் தின்றுகொண்டு போகும்.

அதனாலேயே அதற்கு நேராகப் போகத் தெரியாது. மேலிருந்து பார்த்தால் பிட் கடிகாரச் சுற்றில் சுழல்கிறது. ரூட்டரை நமக்கு எதிரே முன்னோக்கித் தள்ளும்போது பிட்டின் முன்விளிம்பு மரத்தை வலப்பக்கமாக அடிக்கும். மரம் பதிலுக்கு ரூட்டரை இடப்பக்கம் தள்ளும். கை எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் இந்த இழுப்பு ஓயாது. நாலடி அகலப் பிளைவுட்டின் குறுக்கே வெறுங்கையால் நேரான காடி எடுப்பவர் பெரிய ஆள். மற்றவர்கள், அதாவது நம்மில் பெரும்பாலானவர்கள், ஒரு நேரான பொருளைப் பக்கத்தில் வைத்து அதை ஒட்டி ஓட்டுகிறோம்.

அந்த நேரான பொருள்தான் கொஞ்ச நாளாக என்னைத் தொந்தரவு செய்கிறது. விலகவே முடியாதபடி பிடித்துவைக்கப்பட்ட ஒன்று நேராகப் போனால், அந்த நேர்த்திக்கு யார் சொந்தக்காரர்? அது நேராகவே போய்த் தவறான இடத்தில் வெட்டினால் யார் பொறுப்பு?

*

முதலில் ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். மிச்சமெல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

எளிய வழி, ஒரு நேர்ச் சட்டத்தைப் பலகை மேல் கிளாம்ப் போட்டு இறுக்கி, ரூட்டரின் அடித்தட்டு அதில் உரசியபடி ஓட்டுவது. இதில் காவல் ஒரு பக்கம் மட்டும்தான். சட்டம் இடப்பக்கம் இருந்தால் ரூட்டரின் இழுப்பே அதைச் சட்டத்தோடு ஒட்டவைக்கும். வலப்பக்கம் இருந்தால் அதே இழுப்பு அதை விலக்கிக்கொண்டு போய்விடும்.

அடுத்த வழி கைடு ரெயில். நீளமான அலுமினியத் தண்டவாளம். அடியில் வழுக்காமல் இருக்க ஒரு பட்டை, மேலே முதுகெலும்பு மாதிரி நீளவாக்கில் ஒரு மேடு. இது முக்கியமாக வட்ட ரம்பத்துக்கான ஏற்பாடு. ரம்பத்தின் அடித்தட்டில் அந்த மேட்டுக்கு ஏற்ற பள்ளம் இருக்கும். ஏற்றிவிட்டால் இந்தப் பக்கமும் போகாது, அந்தப் பக்கமும் போகாது. முதல் தடவை ஓட்டும்போது ரெயில் ஓரத்தில் இருக்கும் ரப்பர் விளிம்பை ரம்பமே வெட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு அந்த விளிம்பு எங்கே இருக்கிறதோ அங்கேதான் வெட்டு விழும். பென்சில் கோட்டின் மேல் விளிம்பை வைத்தால் வேலை முடிந்தது.

ரூட்டரை இதில் ஏற்ற ஓர் அடாப்டர் வேண்டும். ரூட்டரின் அடித்தட்டில் இரண்டு துளைகள் இருக்கும். அதில் இரண்டு இரும்புக் கம்பிகளைச் செருகி, மறுமுனையில் ரெயில் மேட்டின் மேல் உட்காரும் ஒரு பட்டையை மாட்டுவார்கள். கம்பெனிகளே விற்கின்றன. ஃபெஸ்டூல் ரெயிலின் மேடும் மகிட்டா ரெயிலின் மேடும் ஏறக்குறைய ஒன்று. பாஷும் மாஃபெலும் வேறு குடும்பம். சொந்தமாகச் செய்துகொள்பவர்கள் காய் நறுக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் பலகையை அறுத்து, அடியில் பள்ளம் எடுத்து, கம்பிக்கு ஓட்டை போட்டுக்கொள்கிறார்கள். என் ரூட்டரில் இருப்பது அந்த ரகம்தான். பள்ளம் இறுக்கமாக இருந்தால் நடுவழியில் முரண்டு பிடிக்கும். தளர்ந்தால் பாம்பு மாதிரி நெளியும். ரூட்டரின் ஒரு பாதி ரெயிலுக்கு வெளியே நிற்பதால், அந்தப் பக்கத்துக்கு ரெயிலின் கனத்துக்குச் சமமாக ஒரு முட்டுக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் சாய்ந்து வெட்டும்.

இங்கேதான் ரம்பத்துக்கும் ரூட்டருக்கும் பெரிய வித்தியாசம். ரம்பத்தில் ரெயிலின் விளிம்பும் வெட்டும் கோடும் ஒன்று. ரூட்டரில் ரெயில் ஓர் இடத்தில் இருக்கும், வெட்டு இன்னோர் இடத்தில் விழும். நடுவில் ஓர் இடைவெளி. அதை யாராவது ஒருவர் அளந்து, அந்த அளவுக்கு ரெயிலைத் தள்ளிவைக்க வேண்டும். பிட்டை மாற்றினால் மறுபடி சரிபார்க்க வேண்டும். கம்பியைத் தளர்த்தினால் மறுபடி அளக்க வேண்டும். ரெயில் எதையும் அளக்காது. வைத்த இடத்தில் நேராகக் கிடக்கும். அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

*

எங்கள் தெருவில் ஓர் ஆசாரி இருக்கிறார். நாற்பது வருட வேலை. நான் ரெயிலில் காடி எடுப்பதைக் கொஞ்ச நேரம் கைகட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, ரயில் ஓட்டுறவனுக்கு ஸ்டியரிங் கிடையாது, தெரியும்ல?"

சிரித்தேன். ஆனால் அந்த வாக்கியம் உள்ளே உட்கார்ந்துவிட்டது. அவர் சொன்னதைத் தத்துவ மொழியில் சொன்ன ஓர் ஆங்கிலேயர் உண்டு. டேவிட் பை. மரத்தில் வேலை செய்தவர், லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் மரச்சாமான் வடிவமைப்புப் பேராசிரியராக இருந்தவர். 1968-இல் வந்த தன் புத்தகத்தில் கைவேலையை இரண்டாகப் பிரித்தார். வேலை முடியும் வரை ஒவ்வொரு நொடியும் கெட்டுப்போகும் வாய்ப்பு உள்ள வேலை ஒன்று. அவர் அதை ஆபத்தின் வேலைத்திறன் என்றார். முடிவு முன்கூட்டியே தீர்மானமாகிவிட்ட வேலை இன்னொன்று; அது நிச்சயத்தின் வேலைத்திறன். பேனாவால் எழுதுவது முதல் வகை, அச்சடிப்பது இரண்டாவது. இரண்டில் ஒன்று உயர்ந்தது, ஒன்று தாழ்ந்தது என்று அவர் எளிதாகத் தீர்ப்பளிக்கவில்லை. மோசமான கையெழுத்தும் உண்டு, அருமையான அச்சும் உண்டு.

ஆசாரியின் கேலி இந்தப் பிரிவினையைத்தான் தொடுகிறது. வெறுங்கையில் ஓட்டுபவர் ஒவ்வோர் அங்குலத்திலும் விலகியிருக்கலாம், விலகவில்லை. அந்த 'விலகவில்லை'யில் ஒரு மனிதர் இருக்கிறார். ரெயிலில் ஓட்டுபவரால் விலகியிருக்கவே முடியாது. அங்கே நேர் இருக்கிறது, நேராக நடந்துகொண்ட ஆள் இல்லை.

இதை மரத்திலிருந்து மனிதர்களுக்குக் கொண்டுபோனால் பழைய கேள்வி ஒன்று வந்து நிற்கும். பிளேட்டோவின் 'குடியரசு' இரண்டாம் புத்தகத்தில் கிளாக்கன் ஒரு கதை சொல்கிறான். லிடியா தேசத்து இடையன் ஒருவனுக்கு ஒரு மோதிரம் கிடைக்கிறது, திருப்பினால் மறைந்துவிடலாம். அதை வைத்து அவன் அரசியை வசப்படுத்தி, அரசனைக் கொன்று, நாட்டை எடுத்துக்கொள்கிறான். மாட்டிக்கொள்ளும் பயம் இல்லாவிட்டால் யார் நல்லவராக இருப்பார் என்பது கிளாக்கனின் கேள்வி. கைடு ரெயில் அந்த மோதிரத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தது. மோதிரம் எல்லாத் தடையையும் நீக்குகிறது. ரெயில் தடையைத் தவிர வேறு எதையும் விட்டுவைப்பதில்லை. மோதிரம் போட்டவன் யோக்கியனா என்று கேட்கலாம். ரெயிலில் ஓடுகிறவனைப் பற்றி அந்தக் கேள்வியே எழாது.

*

தமிழில் இந்தக் கேள்வி சொற்களுக்குள்ளேயே இருக்கிறது. நேர் என்பதிலிருந்துதான் நேர்மை. அரசன் கையில் இருக்கும் நேரான கோல் செங்கோல்; வளைந்த கோல் கொடுங்கோல். நல்லவர்களை நேரானவர்கள் என்றும் கெட்ட புத்தியைக் கோணல் புத்தி என்றும் சாதாரணமாகச் சொல்கிறோம். தச்சனின் கருவிப்பெட்டியிலிருந்து நம் அறத்துக்குப் போன சொற்கள் இவை என்று சொல்லத் தோன்றுகிறது.

அந்தப் பெட்டியில் முக்கியமானது நூல். சாயத்தில் தோய்த்து, இரண்டு முனையிலும் இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்டினால் மரத்தின் மேல் ஒரு கோடு விழும். பட்டறைப் பேச்சில் நூல் ஓர் அளவும்கூட: அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, 3 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். புத்தகமும் நூல்தான். பதிமூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் தன் பாயிரத்தில் இந்த இரண்டு நூல்களையும் சேர்த்துவைக்கிறார். மரத்தின் கோணலைத் தச்சனின் நூல் தீர்ப்பதுபோல மனத்தின் கோணலைப் புலவனின் நூல் தீர்க்கும் என்பது அவர் கருத்து.

பள்ளியில் இதைப் படித்தபோது அழகான உவமை என்று தாண்டிப்போனேன். ரெயிலில் வேலை செய்யத் தொடங்கிய பிறகுதான் அதில் ஒன்று கண்ணில் பட்டது. நூல் வெட்டாது. நூல் யாரையும் பிடித்தும் வைக்காது. கோணல் எங்கே என்று காட்டும். செதுக்குவது கைதான். கோட்டைப் பார்த்துக்கொண்டே ஒருவர் கோணலாகவும் அறுக்கலாம். புத்தகமும் அப்படித்தானே? படித்தவர் எல்லாம் திருந்திவிட்டாரா என்ன?

ஆக, வழிகாட்டி இரண்டு வகை. நூல் காட்டுகிறது, விலகும் உரிமையை நம்மிடமே விட்டுவிடுகிறது. ரெயில் காட்டுவதில்லை, விலக விடுவதில்லை. நூலோடு வேலை செய்பவர் நேர் என்றால் என்ன என்று கற்றுக்கொள்கிறார். ரெயிலோடு மட்டும் வேலை செய்பவர் அதைக் கற்றுக்கொள்ளாமலேயே ஆயிரம் நேர்க்கோடுகள் வெட்டிவிடலாம்.

இங்கேயே கட்டுரையை முடித்தால் ஆசாரி ஜெயித்துவிடுவார். ஆனால் இது பாதிதான்.

*

அக்கா வீட்டுக்குப் புத்தக அலமாரி ஒன்று ஒரு மாடுலர் பட்டறையில் செய்யக் கொடுத்திருந்தார்கள். ஏழடி உயரப் பக்கப்பலகை இரண்டு, ஒவ்வொன்றிலும் தட்டுகளைச் செருக ஆறு காடி. 18 மில்லிமீட்டர் பிளைவுட், 18 மில்லிமீட்டர் பிட். மாட்டிப் பார்த்தபோது ஆறு தட்டும் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன. ஒரு பலகையில் கோட்டைப் பிட்டின் ஓரத்துக்கு வைத்து அளந்திருந்தார்கள், இன்னொன்றில் நடுவுக்கு. வித்தியாசம் 9 மில்லிமீட்டர், மூன்று நூலுக்குக் கொஞ்சம் குறைவு. காடிகளைத் தொட்டுப் பார்த்தேன். பன்னிரண்டும் கத்தி மாதிரி நேர்.

சூப்பர்வைசர் என்னிடம் சொன்னார்: "ரெயில் நேராத்தான் சார் இருந்துச்சு. இவன்தான் ஓட்டினான்."

'இவன்' பீகாரிலிருந்து வந்த பையன். இருபது வயது இருக்கும். ஒன்றும் பேசாமல் நின்றான்.

"ரெயிலை வெச்சது யாரு?" என்றேன்.

"வெச்சது நான்தான் சார். ஆனா வெட்டினது இவன்."

பையனுக்கு அன்றைய கூலியில் பாதியைப் பிடிப்பதாகப் பேச்சு. அக்கா ஒரே வார்த்தைதான் சொன்னாள்: "அவன் கூலியில கை வெச்சா எனக்கு இந்த அலமாரியே வேண்டாம்." சரி என்றார்கள். நாங்கள் கிளம்பிய பிறகு என்ன நடந்திருக்கும் என்பது எங்கள் கண்ணுக்கு எட்டாத விஷயம்.

வெச்சது நான், வெட்டினது அவன். இந்த வாக்கியத்தில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் அதன் கொடுமை. அந்தப் பையனுக்கு வெறுங்கையால் ஓட்டும் வேலை கொடுக்கப்பட்டிருந்தால், கோடு அவன் கண்ணில் இருந்திருக்கும். ஒரு பலகையைப் பார்த்து இன்னொன்றில் சந்தேகப்பட்டிருப்பான். ரெயிலில் ஓட்டச் சொன்னபோதே 'நீ கோட்டைப் பார்க்கத் தேவையில்லை' என்றும் சொல்லிவிட்டார்கள். பார்க்கும் வேலையை அவனிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். பார்க்காததற்கான தண்டனையை மட்டும் அவனிடமே விட்டுவைத்தார்கள்.

ஆசாரியின் ரயில் உவமைக்கு எனக்குக் கிடைத்த பதில் இங்கே இருக்கிறது. ஸ்டியரிங் இல்லை என்பது உண்மை. அதனால் ரயிலில் யாருக்கும் பொறுப்பில்லை என்றாகுமா? வேகமும் பிரேக்கும் ஓட்டுநர் கையில். எந்தத் தடத்தில் போகும் என்பது வேறு யாரோ ஒருவர் கையில். ரெயிலில் ஓடும் ரூட்டரும் இதே மாதிரி. மெதுவாகத் தள்ளினால் மரம் கருகும், அவசரப்பட்டால் நார் பிய்ந்து வரும். சத்தத்தைக் கேட்டு வேகம் வைப்பது ஓட்டுபவரின் கை. அந்தப் பொறுப்பு அவனுடையது, அதில் தவறினால் அவனைக் கேட்கலாம். வெட்டு எங்கே விழும் என்பது ஸ்விட்ச் போடும் முன்பே முடிந்துபோன விஷயம். அந்தப் பொறுப்பு டேப்பும் பென்சிலும் பிடித்தவருடையது.

ரெயில் ஆபத்தை ஒழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. வெட்டும் நேரத்திலிருந்து வைக்கும் நேரத்துக்கு, கையிலிருந்து அளவுக்கு, ஓட்டுபவரிடமிருந்து வைத்தவருக்கு. டேவிட் பை சொன்ன அந்த ஆபத்து முழுவதும் இப்போது ரெயிலுக்கும் பிட்டுக்கும் நடுவிலுள்ள சின்ன இடைவெளியில் போய் ஒளிந்திருக்கிறது. ரெயிலோடு வேலை செய்பவரின் நேர்மை என்று ஒன்று இருந்தால், அது அந்த இடைவெளியைத் தானே போய் மறுபடி ஒருமுறை அளப்பதில் இருக்கிறது. யாரும் பார்க்கமாட்டார்கள், பாராட்டவும் மாட்டார்கள். வெட்டு எப்படியும் நேராகத்தான் வரப்போகிறது.

*

பட்டறைக்கு வெளியே இதே வாக்கியத்தை நாம் தினமும் கேட்கிறோம். ரேஷன் கடையில் ஒரு பாட்டியின் விரல்ரேகை தேய்ந்துபோய் மெஷினில் விழவில்லை என்றால், "சிஸ்டம் எடுக்கலம்மா, நான் என்ன பண்ண?" பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தால், "ரூல் அப்படித்தான் சார்." சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவர் கையில் ஸ்டியரிங் இல்லை. ஆனால் ரெயிலை வைத்தவர் அந்த அறையில் இல்லை, அவரைக் கேட்கப் போனால் ரெயில் நேராகத்தான் இருக்கிறது என்பார். அதுவும் உண்மை. எல்லோரும் உண்மை பேசி, பாட்டி வெறும் பையோடு திரும்பிப் போகிறாள்.

எந்த விதியும் அது ஆளும் வாழ்க்கையின் மேல் அப்படியே உட்காருவதில்லை. நடுவில் ஓர் இடைவெளி எப்போதும் இருக்கும். அதை அளப்பது தன் வேலை என்று நினைப்பவர் வரிசையில் ஒருவர்கூட இல்லாவிட்டால், எவ்வளவு நேரான விதியும் தவறான இடத்தில்தான் வெட்டும்.

அதற்காக ரெயிலைத் தூக்கி எறிய நான் தயாரில்லை. ரெயில் எனக்குக் கொடுத்ததை மறைப்பதும் நியாயமில்லை. நம் ஊரில் மரவேலை நெடுங்காலம் சில சாதிக் குடும்பங்களுக்குள்ளேயே அப்பனிடமிருந்து மகனுக்குப் போனது. கைப்பழக்கம் என்று நாம் கொண்டாடுவதில் பாதி, பத்து வயதிலேயே உளி கையில் கிடைத்த அதிர்ஷ்டம். அந்தக் குழந்தைக்குப் பள்ளிக்கூடம் கிடைக்காத துரதிர்ஷ்டமும்கூட. அந்த வீடுகளில் பிறக்காத என்னாலும், கை நடுங்கும் ஒருவராலும், முப்பத்தைந்து வயதில் ஆசைப்பட்டுத் தொடங்கும் ஒரு பெண்ணாலும் நேரான காடி எடுக்க முடிகிறதென்றால் அது ரெயில் தந்த நீதி. விரல்களும் மிஞ்சுகின்றன.

ஆசாரியிடம் இதைச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. "எல்லாருக்கும் வரட்டும் தம்பி, நல்லதுதான். ஆனா கை நேரா வருதுன்னுதான் எனக்குக் கூலி. அந்த நேர உங்க அலுமினியத்துக்குள்ள வெச்சுட்டா, நாளைக்கு என்கிட்ட இருக்கறது வெறும் தள்ளுற வேலைதானே? தள்ளுறதுக்கு யார் வேணா வருவான்." அந்த பீகார்ப் பையனின் நிலைமையை அவனைப் பார்க்காமலேயே அவர் சொல்லிவிட்டார். இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஒன்றைத்தான் சொல்ல முடிகிறது: தள்ளுபவருக்கு வைக்கவும் அளக்கவும் கற்றுக்கொடுக்காத பட்டறை, ரெயில் கொடுத்த நீதியை மறு கையால் பிடுங்கிக்கொள்கிறது. கருவியை எல்லோருக்கும் கொடுத்துவிட்டு அளவுகோலைச் சிலரே வைத்துக்கொள்வது பழைய கதைதான்.

*

அரிஸ்டாட்டில் தன் 'நிகோமாக்கிய அறவியல்' ஐந்தாம் புத்தகத்தில் வேறொரு கோலைப் பற்றிப் பேசுகிறார். லெஸ்போஸ் தீவின் கட்டட வேலையில் பயன்பட்ட ஈயக் கோல். ஈயம் வளையும். கல்லின் வடிவத்துக்கு ஏற்ப அந்தக் கோல் வளைந்துகொடுக்கும். சட்டம் எல்லோருக்கும் பொதுவாகத்தான் எழுத முடியும், ஆனால் வாழ்க்கை தனித்தனியாகத்தான் வரும். அந்தக் குறையைச் சரிசெய்யும் நியாய உணர்வு இந்த ஈயக் கோல் மாதிரி என்கிறார்.

செங்கோல் என்றால் நேரான கோல் என்று வளர்ந்த மனத்துக்கு இது முதலில் இடறும். வளையும் கோல் கொடுங்கோல் அல்லவா? யோசித்தால் இரண்டும் வேறு. கொடுங்கோல் பிடித்திருப்பவனின் வசதிக்கு வளைவது. ஈயக் கோல் எதிரே இருக்கும் கல்லுக்காக வளைவது.

ஈயக் கோலை வைத்துப் புத்தக அலமாரி செய்ய முடியாது. தொழிற்சாலையில் அழுத்திய பிளைவுட்டில் முடிச்சும் இல்லை, சுழியும் இல்லை, ஒரு ஷீட்டைப் போலவே அடுத்த ஷீட். அதற்கு அலுமினிய ரெயில்தான் சரி. நம் சிக்கலெல்லாம், மனிதர்களையும் எட்டுக்கு நாலு ஷீட் என்று நினைத்து ரெயில் போடுவதில் தொடங்குகிறது. அப்படிப் போட வேண்டிய இடங்களும் உண்டு. வரிசையில் முன்னால் நிற்பவர் யாராக இருந்தாலும் முதலில் அவருக்குத்தான் என்பது ஒரு ரெயில், அது வளையவே கூடாது. பாட்டியின் தேய்ந்த விரலுக்கு முன்னால் வளையாவிட்டால் அது கோலே இல்லை.

எது எங்கே என்று சொல்லித்தரும் ரெயில் ஒன்று இன்னும் யாரும் செய்யவில்லை. செய்யவும் முடியாது என்றுதான் நினைக்கிறேன். அதை ஒவ்வொரு முறையும் ஒருவர் குனிந்து, கண்ணைச் சுருக்கி, டேப்பை வைத்து அளந்துதான் பார்க்க வேண்டியிருக்கிறது. அளந்தவர் தன் பெயரையும் சொல்ல வேண்டியிருக்கிறது.